குடை போட்ட முட்டை

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். முழுப் பெயரும், அதற்கு முன்னால் வரும் கலாநிதிப் பட்டமும், பின்னால் வரும் எழுத்துகளும் எனக்கு மனப்பாடம். ஆனால் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தால் அந்த மனிதருக்கு உடம்பு பதறும். அதற்காகவே எழுதாமல் விடுகிறேன். என் கையால் அவருக்குக் கொடுக்க முடிந்த தண்டனை இவ்வளவுதான்.

வெறும் கட்டம் அவருக்கு ஆகாது. எந்தப் படிவத்திலும், எந்தத் தாளிலும், ஒரு கட்டம் நிரப்பாமல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மேசையில் எப்போதும் ஒரு பச்சைப் பேனா இருக்கும். நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். எங்காவது விடுபட்டிருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன் பிள்ளை இதை விட்டிருக்கிறீர்?" என்று கேட்பார்.

"அந்தம்மா ஒண்ணும் சொல்லல சேர். பேசாம இருந்தாங்க."

"பேசாமல் இருக்கிறதும் ஒரு பதில்தான். ஓம் எண்டோ இல்லை எண்டோ எடுக்க வேண்டியது உம்மட வேலை."

எடுக்கத் தெரியாமல் நான் முழித்தால் அவரே பச்சைப் பேனாவால் நிரப்பிவிடுவார். அந்த அம்மாவை அவர் கண்ணால் கண்டிருக்கமாட்டார். அவர்கள் ஊர் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் பேனா தயங்காது.

கண்டியில், ஏரிக்கு மேலே ஏறிப் போகும் வீதி ஒன்றில் எங்கள் ஆய்வு நிலையம் இருந்தது. எங்களைப் போன்ற நாடுகளில் சனங்கள் என்ன பயிரிடுகிறார்கள், என்ன வாங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், பிள்ளைகள் ஏன் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல் இருக்கிறார்கள் என்றெல்லாம் ஆராய்ந்து, அரசாங்கங்களுக்கும் உதவி கொடுக்கிறவர்களுக்கும் இன்னது செய்யுங்கள், இன்னதை நிறுத்துங்கள் என்று எழுதிக் கொடுக்கும் வேலை. அவர் அங்கே மூத்த ஆய்வாளர். யாழ்ப்பாணத்துக்காரர், குண்டசாலையில் வீடு கட்டி இருந்தார். நான் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கிப் படிவம் நிரப்பிக்கொண்டு வருகிறவள்.

மதியம் சாப்பிட்ட பிறகு பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போடுவார். வேகம் என்றால் அப்படியொரு வேகம். எனக்கு முதலில் பெரிய மதிப்பாக இருந்தது. என்ன படிப்பு, என்ன மூளை என்று நினைத்தேன். ஒரு நாள் அவர் மேசையைத் துடைக்கப் போன போது அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். பாதிச் சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. தெரியாத இடங்களில் கைக்கு வந்த எழுத்தைப் போட்டு நிரப்பியிருந்தார். யாரும் பரிசு கொடுக்கப் போவதில்லை, யாரும் பார்க்கப் போவதுமில்லை. தனக்குத் தானே பொய் எழுதி வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கை கழுவப் போகிற ஒரு ஆளை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பேச்சிலும் அதே கதைதான். யாராவது ஒரு வசனத்தைத் தொடங்கி யோசித்தால் மீதியை அவர் முடித்துவிடுவார். "சேர், நாளைக்கு எனக்கு..." என்று இழுத்தால், "லீவு. காய்ச்சல்." என்பார். நான் கேட்க வந்தது லீவே இல்லை. ஆனால் அவர் முடித்த பிறகு திருத்தினால் முகம் சுருங்கிவிடும் என்பதால், ஒரு தடவை இல்லாத காய்ச்சலுக்கு வீட்டில் படுத்திருந்திருக்கிறேன்.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. வேலை கொடுத்தது அவர்தான். நேர்முகத்துக்கு வந்த மற்றவர்களிடம் என்னைவிடப் பெரிய சான்றிதழ்கள் இருந்தன. நான் ஹந்தானை லயத்தில் பிறந்தவள் என்று விண்ணப்பத்தில் பார்த்ததும், "தோட்டத்துப் பிள்ளை எண்டால் தோட்டத்துச் சனம் மனம் விட்டுக் கதைக்கும்" என்று மற்ற இருவரிடமும் சொல்லி எனக்கே கொடுத்தார். அந்த ஒரு வரிக்காக அவரைக் கும்பிடாத குறையாக இரண்டு வருடம் வேலை செய்தேன். அதுவும் ஒரு தப்புக் கணிப்பு. வெளியாளிடம் சொல்லிவிடுகிற பட்டினியை எங்கள் சனங்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லமாட்டார்கள்.

காரியாலயத்தில் தேத்தண்ணி கொடுக்கும் முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார், கட்டுக்கலைப் பக்கம் வீடு. அவருடைய உம்மா மௌத்தாகி இரண்டாம் நாள், மரணப் பதிவுக்கான படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாம் எழுதியிருந்தார். தொழில் என்ற இடத்தை மட்டும் விட்டிருந்தார்.

"இதுல என்னத்தப் போடுறதுன்னு வெளங்கல சேர். உம்மா சுபஹுத் தொழுகைக்கு முந்தியே எழும்பி ஆப்பம் சுட்டு வித்துத்தான் எங்கட நாலு பேரையும் படிக்க வெச்சாங்க."

"கடை பதிஞ்சிருந்ததோ?"

"இல்ல சேர். வீட்டுவாசல்லதான்."

"அப்ப தொழில் இல்லை." பச்சைப் பேனா எழுதிவிட்டது. "இந்தாரும், முடிஞ்சுது."

நானா தாளை வாங்கி, எழுதியிருந்ததைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அந்த மேசைக்குக் கொண்டுபோன தேத்தண்ணி எதுவும் சூடாக இருந்ததில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். குடித்தவருக்கு மட்டும் தெரியாது.

பெற்றோலுக்கு வரிசையில் நின்றோமே, அதற்கு அடுத்த வருடம். விலைகள் ஏறினது ஏறினதாகவே கிடந்தன. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆய்வு வந்தது. என் அக்கா கலியாணம் முடித்துப் போன தோட்டம் அது. அங்கே பிள்ளைக்காம்பராவுக்கு அவள்தான் பொறுப்பு. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். ஒரு வெளிநாட்டு உதவியில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிழமையில் இரண்டு நாள் ஆளுக்கொரு அவித்த முட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தொடர்வதா, இன்னும் தேவைப்படுகிற வேறு இடத்துக்கு மாற்றுவதா என்று உதவி கொடுக்கிறவர்கள் எங்கள் நிலையத்தைக் கேட்டிருந்தார்கள். எங்கள் படிவம் சொல்வதை வைத்துத்தான் முடிவு.

களத்துக்கு அவர் வருவது அபூர்வம். அன்றைக்கு வந்தார்.

பன்னிரண்டு காம்பரா லயம், காம்பராவுக்கு ஒரு குடும்பம். அவர் வருகிறார் என்று அக்கா மூலம் முதல் நாளே செய்தி போயிருந்தது. வாசல் இஸ்தோப்பெல்லாம் கழுவி விட்டிருந்தார்கள். லயத்தில் உடையாத பிளாஸ்டிக் கதிரை ஒன்றுதான் இருந்தது. அதை இரண்டு பொம்பளைகள் அவருக்கு முன்னால் வீட்டுக்கு வீடு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவர் உட்காருவார். பக்கத்தில் நான் நின்று படிவத்தைப் பிடிப்பேன். அரிசி, மா, பருப்பு, மரக்கறி, பால், முட்டை, மீன் என்று வரிசையாகப் போகும். வீட்டில் இருக்கிறதா, இல்லையா. அவ்வளவுதான் கேள்வி.

முதல் வீட்டில் பிளேன்டீயோடு, நீலக் கரை போட்ட பீரிஸ் தட்டில் ஒரு அவித்த முட்டையும் கொஞ்சம் உப்பு மிளகும் கொண்டுவந்து வைத்தார்கள். "சாப்பிடுங்க ஐயா" என்றாள் அந்த வீட்டுக்காரி.

"வேண்டாம் அம்மா. ஆய்வுக்குப் போற வீட்டில நாங்கள் ஒண்டும் சாப்பிடுறேல்லை. அது விதி."

முட்டை என்ற கட்டம் வந்ததும் நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவர் பீரிஸைக் காட்டினார். "முன்னுக்கே இருக்குதுதானே. சரி போடும்." போட்டேன்.

இரண்டாவது வீட்டிலும் முட்டை வந்தது. மூன்றாவது வீட்டில் பீரிஸ் திரும்பி வைக்கப்பட்டிருந்ததால் எனக்கு முட்டையின் மறுபக்கம் தெரிந்தது. ஓட்டின் மேல் நீலப் பேனாவால் ஒரு சின்னக் குடை வரைந்திருந்தது. நாலாவது வீட்டிலும் அதே குடை. கதிரை முன்பக்கத்தால் வருகிறது, முட்டை பின்பக்கத்தால் வருகிறது. நாங்கள் ஒரு வீட்டை விட்டு எழும்பிச் செருப்பு மாட்டுவதற்குள், அது குசினிக் கதவால் இறங்கி அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது.

ஏன் செய்கிறார்கள் என்பதும் எனக்கு அந்த நிமிஷமே விளங்கியது. நம்ம புள்ள வேலை பாக்குற எடத்துலேருந்து பெரிய ஆள் வாறாரு, அவருக்கு முன்னுக்கு நம்ம புள்ளைக்கு வெக்கமா போயிறக் கூடாது. வேறென்ன. எனக்காகத்தான் அந்த ஒரு முட்டையை அப்படி ஓட வைத்தார்கள்.

ஐந்தாவது வீட்டிலோ ஆறாவது வீட்டிலோ அவர் குனிந்து பார்த்தார். "இதென்ன கீறிக்கிடக்கு?"

"புள்ளைக வெளாட்டு ஐயா" என்றாள் வீட்டுக்காரி.

"ம்." அதோடு விட்டுவிட்டார். பிறகும் ஒவ்வொரு வீட்டிலும் "சரி போடும்" என்றுதான் சொன்னார்.

நான் அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அத்தனை பொம்பளைகளும் பார்த்துக்கொண்டு நிற்க, அவர்களுடைய மானத்தை அந்தப் பிளாஸ்டிக் கதிரைக்கு முன்னால் போட்டு உடைக்க எனக்கு மனசு வரவில்லை. தகவலைச் சரிபார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காரியாலயத்துக்கு வந்த பிறகு இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் அறிக்கை போய்விட்டது.

சில மாதங்களில் அக்கா கோல் எடுத்தாள். "தங்கச்சி, முட்டைய நிப்பாட்டிட்டாங்கடி. கடுதாசி வந்துருக்கு. நம்ம லயத்துல எல்லா வீட்டுலயும் முட்டை இருக்காம்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போனை வைத்த கையோடு நேரே அவர் அறைக்குப் போனேன். உள்ளே வரலாமா என்றுகூடக் கேட்கவில்லை.

"சேர், அந்த லயத்துல நாம பாத்தது பன்னெண்டு முட்டை இல்ல. ஒரே முட்டை. சுத்திச் சுத்தி வந்துச்சு."

வசனத்தை முடிக்க விட்டார். அதுவே எனக்கு ஆச்சரியம். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "குடை கீறினதுதானே. கண்டனான்."

"பாத்தீங்களா?"

"பிறகென்ன, நான் குருடனோ?"

"அப்ப ஏன் சேர் சரி போடச் சொன்னீங்க?"

"படிவத்தில என்ன கேட்டிருக்கு? வீட்டில முட்டை இருக்கோ எண்டு. நான் போன நேரம் இருந்தது. ஆரின்ர முட்டை எண்டு எழுத அதில கட்டம் இல்லை."

"புள்ளைகளுக்கு முட்டை நின்னு போச்சு சேர்."

"அது முடிவெடுக்கிற ஆக்களின்ர விஷயம். நான் முடிவெடுக்கிறேல்லை பிள்ளை. நான் நிரப்பிக் குடுக்கிறன்."

அவ்வளவு அமைதியாகச் சொன்னார். அவருக்குத் தெரியாமல் நடந்திருந்தால் மன்னித்திருப்பேன். இன்றைக்கும் அதைச் சொல்வேன். தெரியாத மனிதன்மேல் எவ்வளவு காலம் கோபிக்க முடியும்? இவர் கண்டார், கண்டுகொண்டே போட வைத்தார்.

பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்து அந்தப் பன்னிரண்டு படிவங்களையும் எடுத்தார். படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று நீளமாக ஒரு கட்டம் உண்டு. அதை மட்டும் எங்களை நிரப்ப விடமாட்டார், தன்னுடைய இடம், பிறகு தேவைப்படும் என்பார். அந்தப் பன்னிரண்டிலும் அது வெறுமையாக இருந்தது. அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. பச்சைப் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். எதிரே நின்றபடியே தலைகீழாக வாசித்தேன். 'தகவல் சேகரித்தவர் நேரில் சரிபார்க்கத் தவறியுள்ளார்.' அதற்குக் கீழேதான் என் கையெழுத்து, லயத்துக்குப் போன அன்றைக்கே வைத்தது. ஒரு தாளில் எழுதி மையை ஊதினார். அடுத்ததை எடுத்தார். பன்னிரண்டு தடவையும் ஒரு எழுத்துக் குறையாமல், அவசரப்படாமல் எழுதினார். நான் முன்னால் நின்றுகொண்டேயிருந்தேன். எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் தட்டி ஒழுங்காக்கி, "இப்ப சரி" என்றார்.

அடுத்த மாதம் என்னுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நான் கண்டி டவுனில் மருந்து விற்கும் ஒரு பாமசியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

போன வருடம் ஒரு பின்னேரம், குண்டசாலை பஸ் நிற்கிற இடத்தில் அவரைக் கண்டேன். ஓய்வு பெற்றுவிட்டாராம். கையில் வழக்கம்போல ஒரு கோப்பு. தலைமயிருக்குச் சாயம் பூசுவதை விட்டிருந்தார். ஒதுங்கப் பார்த்தேன், அதற்குள் பிடித்துக்கொண்டார்.

"ஆ, நீரே. சுகமோ? இப்ப எங்க வேலை?"

நான் பதில் சொல்லவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனதில் இருந்த அத்தனையும் அந்தப் பார்வையிலாவது அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று பார்த்தேன். அவர் ஒரு கணம் பொறுத்தார். பிறகு, "எங்கயோ நல்ல இடத்திலதான் இருப்பீர். சந்தோஷம்" என்று அவரே சொல்லிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஹந்தானைக்கு நடந்தே ஏறினேன்.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. அந்த ஆள்மேல் எனக்குள்ள வெறுப்பில் ஒரு பங்கு என்மேலும் இருக்கிறது, அது இதனால்தான்.

கடைசி வீடு, தொங்கல் காம்பரா, அக்காவுடையது. அங்கே பருப்புக் கட்டம் வரை வந்தபோது மழை தூறத் தொடங்கியது. அவர் மீதியை என்னை முடிக்கச் சொல்லிவிட்டு வேனுக்குப் போய்விட்டார். அக்கா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டாள். அந்த முட்டையை என் கையில் வைத்தாள். "இந்தா, இத சாப்புட்டுப் போ."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. சுவரில் தட்டி உரித்து, உப்பில் தொட்டு, இரண்டு கடியில் சாப்பிட்டு முடித்தேன். அக்காவின் மகள், நாலு வயது, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னாடி பாக்குற?" என்றேன். நான் கை கழுவும்போது அவள் குனிந்து ஓடுகளைக் கிளறி, குடை இருந்த துண்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். விளையாட எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

வேனில் ஏறியதும் அவர் கையை நீட்டிப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "கடைசி வீட்டுக்கு முட்டை போடேல்லையே?"

வாயில் இன்னும் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கிச் சரி போட்டேன்.

முட்டையை நிறுத்தின கடிதம் வந்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். யார் அந்தக் குடையை வரைந்தது என்று கேட்டேன்.

"நாந்தான். பிள்ளைக்காம்பராவுல ஒருத்தன் முட்டைய ஒருத்தன் புடுங்கிடுவான். அதான் ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு அடையாளம் போட்டு அவிப்பேன். ஒருத்தனுக்கு மீனு, ஒருத்திக்கு நெலா. குடை நம்ம பாப்பாவுக்கு."

"பாப்பா முட்டையையா எடுத்த?"

"மத்த புள்ளைக முட்டைய எடுக்க மனசு வரல. அதான் எம்புள்ளைக்குள்ளத எடுத்தேன்."

"சரி, எடுத்த. காட்டியாச்சு. திருப்பி அவளுக்கே குடுத்திருக்கலாமே. என்னத்துக்கு எனக்குக் குடுத்த?"

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீ அன்னைக்குக் காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடாமதான் வந்த. கேட்டா சாப்புட்டேன்னு சொல்லுவ. அதான் நான் கேக்கல."